என் கணினி மெதுவாகவே ஓடட்டும்

சில வாரங்களுக்கு முன்பு விழுப்புரம் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகில், ஒரு தேநீர்க் கடையில், என் மடிக்கணினியை வாங்கிப் பார்த்த நண்பர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். நான்கு கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடக்கூடிய பிராசஸரை 2.4-ல் நிறுத்திவைத்திருக்கிறேன், கிராபிக்ஸ் கார்டின் வேகத்தையும் கணிசமாகக் குறைத்திருக்கிறேன். இதுதான் சிரிப்புக்குக் காரணம். "என்ன சார் இது, புல்லட்டை வாங்கி மாட்டுவண்டிக்குப் பின்னாடியே ஓட்டுறீங்க! காசு குடுத்து வாங்குன ஸ்பீடு சார் அது!" என்றார். உடனிருந்த இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். சொல்ல வேண்டிய பதில், வழக்கம்போல, திண்டிவனம் பேருந்து விக்கிரவாண்டியைத் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே இந்தப் பதிவு.

இலக்கியம் பேசும் இடத்தில் பிராசஸர் எதற்கு என்று கேட்கப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒரு சொல். இந்தப் பக்கங்களை வாசிப்பவர்களில் பாதிப்பேராவது பழைய நூல்களைத் தட்டச்சு செய்கிறவர்கள், ஸ்கேன் செய்கிறவர்கள், எழுத்துணரி மென்பொருளுக்குள் பக்கம் பக்கமாகச் செலுத்திப் பிழைதிருத்துகிறவர்கள். சிற்றிதழ்த் தொகுப்புகள் பலவும் இன்று கண்ணில் படுவது யாரோ ஒருவருடைய மாடி அறையில் இரவெல்லாம் ஓடிய மடிக்கணினியின் தயவால்தான். அந்தக் கணினி செத்தால் அந்த வேலையும் சாகிறது. எனக்கு நேர்ந்தது அது.

2017-ல் ஒரு மடிக்கணினி வாங்கினேன். தனி கிராபிக்ஸ் கார்டு உள்ளது. எனக்கு அது தேவையே இல்லை. கடையில், 'ஹெவி வொர்க்'குக்கு இதுதான் சரி என்றார்கள். நானும் தலையாட்டினேன். ஈராண்டுகள் கழித்து, விழுப்புரத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் தன்னிடமிருந்த சிற்றிதழ்களின் பதினொரு பைண்டு தொகுதிகளை என்னிடம் ஒப்படைத்தார். எழுபதுகளில் வந்தவை. நூலகங்களில் கிடைக்காதவையும் அவற்றுள் இருந்தன. பக்கங்களைப் படமெடுத்து, டெசராக்ட் எழுத்துணரியில் ஓட்டி, பிழைதிருத்தித் தருவதாக வாக்களித்தேன். டெசராக்ட் போன்ற மென்பொருளுக்கு ஒரு குணம் உண்டு. கொடுத்த பிராசஸர் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். முந்நூறு பக்கத் தொகுதி என்றால் மணிக்கணக்கில் நூறு விழுக்காட்டிலேயே நிற்கும். இணையத்தில் படம் பார்ப்பது போன்ற விட்டுவிட்டு வரும் சுமையல்ல.

அது மே மாதம். திண்டிவனத்தில் என் அறை மொட்டைமாடியை ஒட்டியது. பகலெல்லாம் வெயில் குடித்த தளம் இரவு இரண்டு மணிக்கும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி அந்த அனலைத்தான் சுற்றிச்சுற்றி அடிக்கும். கணினியைச் சரிபார்க்கக் கொண்டுபோன இடத்தில், "ஃபுல் பெர்ஃபார்மன்ஸ் மோடுல போட்டு ஓட்டுங்க சார், அதுக்குத்தானே மெஷின்" என்று அறிவுரை கிடைத்திருந்தது. ஓட்டினேன். மூன்றாம் வாரத்தில் திரையில் கோடுகள் விழுந்தன. நான்காம் வாரத்தில் திரையே வரவில்லை. கிராபிக்ஸ் சில்லின் அடிப்பற்றவைப்பு விட்டுப்போய்விட்டது, மதர்போர்டை மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை எனக்கு ஒரு மாதச் சம்பளத்தில் பாதி. வன்தட்டு பிழைத்தது, வேலை ஏழு மாதம் நின்றது. ஆசிரியர் ஒவ்வொரு முறை தொலைபேசியில் அழைக்கும்போதும், "எழுத்தெல்லாம் தெளிவாத் தெரியுதா தம்பி?" என்று மட்டும் கேட்பார். பதினொன்றில் மூன்று தொகுதிகளைத் திரையில் பார்த்தார். கார்த்திகையில் இறந்துபோனார்.

பிறகுதான் அந்தக் கணினியுடன் வந்த சிறு கையேட்டை முதன்முறையாகப் படித்தேன். இயங்குவதற்கு உகந்த சுற்றுப்புற வெப்பநிலை: அதிகபட்சம் 35 டிகிரி செல்சியஸ். இது அந்த ஒரு மாதிரிக்கு மட்டும் உரிய விதியல்ல. ஆப்பிள் தன் மடிக்கணினிகளுக்கு 10 முதல் 35 டிகிரி என்றுதான் அச்சிடுகிறது. வேறு பல நிறுவனங்களும் அதே 35-ல்தான் கோடு கிழிக்கின்றன. அக்னி நட்சத்திரக் காலத்தில் விழுப்புரம் மாவட்டத்தில் 35 டிகிரி என்பது காலை பத்து மணி. பெட்டியின் மீது கொட்டை எழுத்தில் கிகாஹெர்ட்ஸ், உள்ளே பொடி எழுத்தில் டிகிரி. நாம் காசு கொடுத்து வாங்கிய வேகம் குளிரூட்டிய அறைக்கு உரியது. அதை மொட்டைமாடி அறைக்குள் இழுத்துவந்து, குறைக்கவும் கூடாது என்று வாதிடுவது எந்த ஊர் நியாயம்?

நண்பரின் புல்லட் உவமைக்கு வருகிறேன். மெதுவாக ஓட்டினால் புல்லட்டின் பெட்ரோல் செலவு குறையலாம், அவ்வளவுதான். சில்லின் கணக்கு வேறு. அதன் டிரான்சிஸ்டர்கள் மாறி மாறி இயங்கும்போது செலவாகும் மின்திறன், கடிகார வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னழுத்தத்துக்கோ அதன் வர்க்கத்தின் விகிதத்தில் இருக்கும். வேகத்தை ஏற்ற வேண்டுமானால் மின்னழுத்தத்தையும் ஏற்றியாக வேண்டும்; இறக்கினால் அதுவும் கூடவே இறங்கும். வேகத்தைக் கால் பங்கு குறைக்கிறீர்கள், அதனால் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று கொள்ளுங்கள். 0.75 ஐ 0.9 ஆலும் மறுபடி 0.9 ஆலும் பெருக்கினால் 0.61. கால் பங்கு வேகத்தை விட்டுக்கொடுத்து ஐந்தில் இரண்டு பங்கு வெப்பத்தை மிச்சப்படுத்துகிறோம். (கசிவு மின்னோட்டம் தனிக்கணக்கு. சில்லு குளிர்ந்தால் அதுவும் குறையும்.) உச்ச வேகத்தின் கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் ஆகப் பெரிய வெப்பத்தைத் தருகிறது. வட்டிக்கடைக்காரன் கடைசித் தவணையில் பிடுங்குவதைப் போல.

இதைவிட நண்பருக்குக் கசக்கும் செய்தி ஒன்று. அந்த உச்ச வேகம் நீடித்த வேலையில் கிடைப்பதே இல்லை. வெப்பம் 95, 100 டிகிரியைத் தொட்டதும் பிராசஸர் தானாகவே வேகத்தை வெட்டும், சற்றுக் குளிர்ந்ததும் ஏறும், மறுபடி வெட்டும். இப்போது வைத்திருக்கும் கணினியில் ஒரே தொகுதியை இரண்டு விதமாகவும் ஓட்டிப்பார்த்தேன். கட்டுப்பாடின்றி விட்டபோது இரண்டு மணி பத்து நிமிடம், வெப்பம் 96 டிகிரி. 2.4-ல் கட்டியபோது இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம், வெப்பம் 73 டிகிரி. இருபத்தைந்து நிமிடத்துக்காகவா நான் ஏழு மாதத்தை இழந்தேன்?

வேகத்தை மாற்றும் இந்த வசதி ஏதோ திருட்டு வேலை என்பது போலவும், குறைத்தால் "சிப்பு கெட்டுடும்" என்பது போலவும் பேசுகிறார்கள். 2000 ஜனவரியில் வந்த மொபைல் பென்டியம் 3 தொட்டு இன்டெல்லே செய்வதுதான் இது. 600, 650 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர்கள் மின்கலத்தில் ஓடும்போது 500-க்கு இறங்கின. 'ஸ்பீட்ஸ்டெப்' என்று பெயரும் வைத்தார்கள். கணினி இன்றும் ஒரு நொடிக்குள் பலமுறை வேகத்தை ஏற்றி இறக்கிக்கொண்டுதான் இருக்கிறது. நாம் செய்வது மேலே ஒரு கூரை போடுவது மட்டும். கூரைக்குக் கீழே எதுவும் கெடாது.

வேகத்தின் பெயரால் கெட்டவற்றின் பட்டியல்தான் நீளமானது. 2004 அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டத்தை இன்டெல் கைவிட்டது. மெகாஹெர்ட்ஸை ஏற்றிக்கொண்டே போகும் பாதை வெப்பச் சுவரில் முட்டி நின்ற தருணம் அது. ஆர்லாண்டோவில் நடந்த ஒரு மாநாட்டு மேடையில் அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி கிரெய்க் பேரட் விளையாட்டாக மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். மண்டியிட்டவர்கள் பிறகு எழுந்து வேறு வழி கண்டுபிடித்தார்கள். சில நொடிகளுக்கு மட்டும் உச்சிக்குத் தாவும் 'டர்போ' 2008-ல் வந்தது. இன்று விளம்பரத்தில் அச்சாகும் எண் பெரும்பாலும் அந்தச் சில நொடிகளின் எண்தான்.

அதே 2008 ஜூலையில், தன் மடிக்கணினி கிராபிக்ஸ் சில்லுகள் சிலவற்றில் பற்றவைப்புப் பொருளும் பொதியும் பலவீனமானவை என்று என்விடியா ஒப்புக்கொண்டு, 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. சூடேறுவதும் ஆறுவதுமாக இருந்ததில் பற்றவைப்பு விரிசல் கண்டது. விசிறியை அதிகம் ஓடவைக்கும் பயாஸ் திருத்தங்களை டெல்லும் எச்பியும் வெளியிட்டன. வழக்கு நடந்து 2010-ல் தீர்வும் வந்தது; அது அமெரிக்காவில் வாங்கியவர்களுக்கு. நம்மூரில் வாங்கியவர்களுக்கு மிஞ்சியது வெப்பக்காற்றுத் துப்பாக்கியும் 'ரீபாலிங்' பலகை வைத்த கடையும்தான்.

2018-ல் ஆப்பிளின் விலையுயர்ந்த மடிக்கணினி தன் அடிப்படை வேகமான 2.9 கிகாஹெர்ட்ஸைக்கூட நீடித்த சுமையில் தக்கவைக்க முடியாமல் தடுமாறியது. மென்பொருளில் ஒரு பிழை என்று சொல்லித் திருத்தம் வெளியிட்டார்கள். 2024-ல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினி பிராசஸர்கள் தேவைக்கு மேல் மின்னழுத்தம் கேட்டுக் கேட்டுப் பழுதாயின. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, உத்தரவாதம் இரண்டாண்டு நீண்டது. ஆனால் ஏற்கனவே கெட்ட சில்லு அந்தத் திருத்தத்தால் தேறாது. வேகத்தைக் கட்டிவைக்கிறவனைக் கஞ்சன் என்று சிரிக்கும் நண்பர்கள் இந்த வரலாற்றையும் சிரித்துக்கொண்டே படிக்கட்டும்.

ஆனால் என் உண்மையான சினம் நண்பர் மீதல்ல. குறைக்கும் பிடியை உரிமையாளன் கையிலிருந்து மெல்ல மெல்லப் பிடுங்குகிறவர்கள் மீது. 2017 டிசம்பரில், பழைய மின்கலம் கொண்ட ஐபோன்களின் வேகத்தைத் தானே குறைத்துவந்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. இத்தாலி ஒரு கோடி யூரோவும் பிரான்சு இரண்டரைக் கோடி யூரோவும் அபராதம் விதித்தன. வேகத்தைக் குறைத்ததில் ஒரு தொழில்நுட்ப நியாயம் இருந்தது: தளர்ந்த மின்கலம் உச்சச் சுமையில் கைபேசியைத் திடீரென அணைத்துவிடும். குற்றம், உடையவனிடம் சொல்லாததும் கேட்காததும். 2018-ல் வந்த ஐஓஎஸ் 11.3 அந்தத் தெரிவைப் பயனர் கையில் கொடுத்தது. முதல் நாளே கொடுத்திருக்கலாம்.

இன்னொரு கதை இதற்கு நேர் எதிர்த்திசையில் போகிறது. வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் சற்றுக் குறைத்துச் சூட்டைத் தணிக்கும் பழக்கம் மடிக்கணினிக்காரர்களிடையே பரவியிருந்தது. 2019 டிசம்பரில் 'பிளண்டர்வோல்ட்' என்ற தாக்குதலை ஐரோப்பியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மின்னழுத்தத்தை வேண்டுமென்றே தடுமாறச் செய்து, இன்டெல் சில்லுக்குள் எஸ்ஜிஎக்ஸ் எனப்படும் இரகசிய அறையிலிருந்து தகவலைக் கறக்கலாம் என்பது அவர்கள் கண்டது. கணினியின் முழு நிர்வாக அதிகாரமும் ஏற்கனவே கைவசமுள்ள திருடனால்தான் அதைச் செய்ய முடியும். இருந்தும் பயாஸ் திருத்தங்கள் வந்தன. ஏராளமான மடிக்கணினிகளில் அந்தப் பிடி பூட்டப்பட்டது. பிறகு 11-ஆம் தலைமுறையிலிருந்து சாதாரணக் கணினிகளுக்கான சில்லுகளில் அந்த இரகசிய அறையையே இன்டெல் விலக்கிக்கொண்டது. அறை போயிற்று, பூட்டு பல கணினிகளில் இன்னும் தொங்குகிறது.

கடிகார வேகத்தைக் குறைக்கும் வழி மட்டும், நல்லவேளையாக, இன்னும் மூடப்படவில்லை. விண்டோஸில் 'பவர் ஆப்ஷன்ஸ்' உள்ளே போனால் 'மாக்சிமம் பிராசஸர் ஸ்டேட்' என்று ஒன்று இருக்கும். 100-ஐ 99 ஆக்கினாலே பெரும்பாலான கணினிகளில் டர்போத் தாவல் நின்றுவிடும். இன்னும் இறக்கினால் வேகமும் இறங்கும். புதிய கணினிகள் பலவற்றில் இதைக்கூடக் கண்ணில் படாமல் ஒளித்துவைத்திருக்கிறார்கள். 'பவர்சிஎஃப்ஜி' கட்டளை தெரிந்தவர்தான் வெளியே கொண்டுவர முடியும். லினக்ஸில் 'சிபியூபவர்' என்ற ஒரு கட்டளை போதும். கிராபிக்ஸ் கார்டுக்கு 'எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர்' என்ற இலவச மென்பொருளில் வேகத்தை இடப்பக்கம் இழுக்கலாம். சில மாதிரிகளில் அதுவும் பூட்டிக்கிடக்கும். என்னைப் போல் எழுத்து வேலை மட்டும் செய்கிறவர்கள் தனிக் கார்டை டிவைஸ் மேனேஜரில் அணைத்தே வைக்கலாம். ஒளிப்பதிவுத் தொகுப்பு, முப்பரிமாண வேலை செய்கிறவர்களுக்கு இந்த யோசனை பொருந்தாது. அவர்களோடு எனக்குச் சண்டையும் இல்லை.

"அப்படியானால் மெதுவான கணினியையே மலிவாக வாங்கியிருக்கலாமே" என்பது நண்பரின் வாதத்தில் வலுவான பகுதி. ஒப்புக்கொள்கிறேன். 2017-ல் கடைக்காரர் பேச்சுக்குத் தலையாட்டியது என் பிழை. ஆனால் கணினியைப் பலர் தேர்ந்தெடுத்து வாங்குவதில்லை, அது அவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் இந்த மாவட்டத்தின் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர் முதன்முதலாகக் கணினியைத் தொட்டார்கள். அடுத்த ஆண்டே, 2012-ல், சென்னைக்கு வெளியே நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. மின்கலத்தை நம்பித்தான் படிப்பு. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், கட்டில் மெத்தையின் மீது, அடியிலுள்ள காற்றுத்துளைகளை அடைத்தபடி அந்தக் கணினிகள் ஓடியதை மயிலம் பக்கம் நானே பார்த்திருக்கிறேன். வேகத்தைச் சற்று இறக்கினால் சூடு தணியும், மின்கலம் நீடிக்கும் என்று யாரேனும் சொல்லித்தந்தார்களா என்று கேட்டிருக்கிறேன். ஆமென்று சொன்ன ஒரு மாணவரையும் இன்றுவரை சந்திக்கவில்லை. ஆயிரக்கணக்கில் கணினி வாங்கும் அரசு, எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதோடு, எத்தனை டிகிரி வரை என்றும் கேட்க வேண்டும். அந்த அமைப்பை மாற்றும் முறையை ஒரு பக்கத் தமிழில் அச்சிட்டுப் பெட்டிக்குள் வைக்க எவ்வளவு செலவாகிவிடும்?

தூசைத் துடை, வெப்பப் பசையை மாற்று, அடியில் விசிறித் தட்டு வை என்கிறார்கள். எல்லாம் சரி, எல்லாம் செய்கிறேன். நெடுஞ்சாலைத் தூசி குடித்த விசிறியைத் திறந்து பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள். ஆனால் உள்ளே இழுக்கும் காற்றே 38 டிகிரியாக இருக்கும்போது விசிறி என்ன அற்புதம் செய்துவிடும்?

இன்னொரு தரப்பையும் விலக்கிவைத்துவிடுகிறேன். இதைப் படித்ததும் நம் இலக்கிய நண்பர்கள் சிலர், "ஆகா, வேகத்துக்கு எதிரான மெதுவின் அழகியல்" என்று ஒரு கட்டுரை எழுதக் கிளம்பிவிடுவார்கள். ஐயா, வேண்டாம். எனக்கு மெதுவின் மீது எந்த மோகமும் இல்லை. என் அறையில் 22 டிகிரி இருந்தால் நாளைக்கே கூரையைக் கழற்றி நான்கு கிகாஹெர்ட்ஸில் விடுவேன். இது வெப்பத்தின் கணக்கு, பணத்தின் கணக்கு. மெதுவைப் போற்றிக் கவிதை எழுதுகிறவர்கள்தான் விளையாட்டுக் கணினி வாங்கி அதில் மின்னஞ்சல் பார்க்கிறார்கள் என்பதையும் கவனித்துவருகிறேன். (பெயர் சொல்ல மாட்டேன், அவர்களும் இங்கே எழுதுகிறவர்கள்.)

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று பெய்தது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. ஆசிரியர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த தொகுதிகளைப் பாலித்தீன் பையில் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிட்டு, ஸ்கேன் செய்து வைத்திருந்த பக்கங்களைக் கணினியில் பிழைதிருத்தினேன். வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, திரை வெளிச்சத்தையும் குறைத்துக்கொண்டதில், சாதாரணமாக மூன்று மணி நேரம் வரும் மின்கலம் ஆறு மணி நேரத்தைத் தாண்டியது. நாற்பத்திரண்டு பக்கங்கள் முடிந்தன. நண்பரின் 'முழு வேக' கணினி அன்று மாலைக்குள் அணைந்துவிட்டதாகப் பிற்பாடு அவரே சொன்னார். அப்போது நான் சிரிக்கவில்லை என்பதையும் இங்கே பதிவுசெய்கிறேன்.

இதை எழுதும் இந்நேரம் பின்னணியில் ஒன்பதாம் தொகுதி ஓடிக்கொண்டிருக்கிறது. பக்கம் 212. பிராசஸர் 71 டிகிரி, அறை 36. ஆசிரியரின் மகள் நேற்று அழைத்து, பத்தாம் தொகுதியில் அப்பா எழுதிய கடிதம் ஒன்று வந்திருக்குமே, அது கிடைத்ததா என்று கேட்டார். அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.